தெளிவான வானம், தெரியாத மலை

ராத்திரியில மலை கண்ணுக்குத் தெரியாது. இதைச் சொல்றதுக்கு ஒரு பதிவான்னு கேட்டா, ஆமாங்க, ஒரு பதிவுதான். ஏன்னா இந்தச் சின்ன விஷயம் அமெரிக்க விமானச் சட்டத்துக்கு இன்னும் முழுசாப் புரியலைன்னு நான் நினைக்கிறேன். (வந்துட்டான்யா எஃப்.ஏ.ஏ.வுக்கே புத்தி சொல்லன்னு நீங்க முணுமுணுக்கறது கேக்குது. முழுசாப் படிச்சுட்டுத் திட்டுங்க.)

முதல்லயே சொல்லிடறேன், நான் பைலட் இல்லை. பொட்டி தட்டுற ஆசாமி. ஆனா விமான விபத்து அறிக்கைகளை உக்காந்து படிக்கிற ஒரு கெட்ட பழக்கம் உண்டு. என்.டி.எஸ்.பி.ன்னு அமெரிக்காவுல ஒரு வாரியம் இருக்கு. விமானம் விழுந்தா ஏன் விழுந்ததுன்னு ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ தோண்டித் துருவி அறிக்கை போடுவாங்க. நம்ம ஆபீஸ்ல சர்வர் படுத்துக்கிட்டா அவசர அவசரமா எழுதி மேனேஜருக்கு அனுப்புவோமே, அந்த மாதிரி இல்லை. நிஜமாவே காரணம் தேடுவாங்க. அதுல ஒரு அறிக்கையைப் படிச்சதுல இருந்து இந்த விஷயம் மண்டைக்குள்ள குடைஞ்சுக்கிட்டே இருக்கு.

2011 நவம்பர் 23. அரிசோனா மாநிலத்துல மேசா நகரத்தில் உள்ள ஃபால்கன் ஃபீல்டு என்கிற சின்ன விமான நிலையம். மறுநாள் தேங்க்ஸ்கிவிங். நம்ம ஊர் தீபாவளிக்கு முந்தின நாள் கோயம்பேடு எப்படி இருக்கும், அந்த மாதிரி எல்லாரும் வீட்டுக்குக் கிளம்புற சாயங்காலம். மூணு குழந்தைகளைப் பண்டிகைக்குத் தன் ஊருக்கு அழைச்சுட்டுப் போக அவங்க அப்பா வந்திருந்தார். ராக்வெல் ஏரோ கமாண்டர் 690ஏ என்கிற ரெட்டை எஞ்சின் விமானம். குழந்தைகளோடு சேர்த்து மொத்தம் ஆறு பேர். போக வேண்டிய ஊர் கிழக்கே சாஃபர்டு.

சாயங்காலம் ஆறரை மணி சுமாருக்குக் கிளம்பினார்கள். அங்கே அந்த மாதத்தில் ஐந்தரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அமாவாசைக்கு இன்னும் இரண்டே நாள் இருந்தது. வானம் சுத்தம். மேகம் இல்லை, மழை இல்லை, பனி இல்லை. பின்னால் பீனிக்ஸ் நகரமே தரையில் கொட்டி வைத்த மாதிரி வெளிச்சம். விமானம் 4,500 அடி உயரத்துக்கு ஏறி, சமமாக, சாஃபர்டை நோக்கி நேர்கோட்டில் போனது. அந்த நேர்கோட்டில் சூப்பர்ஸ்டிஷன் மலை இருக்கிறது. அதன் உச்சி 5,000 அடிக்கும் மேல். கிளம்பின சில நிமிடங்களில் விமானம் மலைமுகட்டில் நேராகப் போய் மோதியது. ஒருவரும் பிழைக்கவில்லை.

எஞ்சினில் கோளாறு இல்லை. விமானம் பைலட் சொன்னபடி கேட்டுக்கொண்டுதான் இருந்தது. நல்ல நிலையில், முழுக் கட்டுப்பாட்டில் பறந்துகொண்டிருக்கும் விமானம் தரையிலோ மலையிலோ போய் மோதுவதற்கு விமானத் துறையில் தனியாக ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். பெயர் வைக்கிற அளவுக்கு நடக்கிறது என்று அர்த்தம்.

என்.டி.எஸ்.பி சொன்ன காரணம்: நிலா இல்லாத அந்த இரவுக்குத் தேவையான பாதையையும் உயரத்தையும் பைலட் தேர்ந்தெடுக்கவில்லை. கூடவே பழகின வழி என்கிற மெத்தனம், எங்கே இருக்கிறோம் என்கிற கவனம் இல்லாதது, தரைக்கட்டுப்பாட்டு மையத்தின் உதவியைக் கேட்காதது. விமானத்தில் மலை வருது மலை வருதுன்னு கத்துற எச்சரிக்கைக் கருவி இல்லாததையும் சேர்த்திருந்தார்கள். எல்லாம் சரிதான். ஆனா அன்னைக்கு அந்தப் பைலட் கிளம்பின முறையில் சட்டம் தப்புன்னு சொல்ற ஒரு விஷயம் கூட எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் இல்லை. என் சண்டை அங்கதான்.

கொஞ்சம் விதிமுறை பேசணும். போர் அடிக்காம சொல்லப் பார்க்கிறேன்.

விமானம் ஓட்ட ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, கருவிகளை மட்டும் நம்பி, கட்டுப்பாட்டு மையம் சொல்ற பாதையில் போறது. ஐ.எஃப்.ஆர். இன்னொண்ணு, கண்ணால பார்த்து ஓட்டறது. வி.எஃப்.ஆர். இந்த இரண்டாவது முறையின் அடிப்படைத் தத்துவமே “பார், தவிர்” என்பதுதான். எதிரில் என்ன இருக்கிறது என்று பார்த்து விலகிப் போவது உன் பொறுப்பு.

பகலில் இது ரொம்ப நியாயமான ஏற்பாடு. ராத்திரியிலும் அமெரிக்காவில் இதே முறையில் பறக்கலாம். சாதாரணமாகக் கேட்கப்படும் பார்வைத் தூரம் மூன்று மைல். நம்ம கணக்குல 4.8 கிலோமீட்டர். ஒரு செஸ்னா 172 அதை ஒண்ணேகால் நிமிஷத்தில் கடந்துடும், அது ஒரு பக்கம் இருக்கட்டும். இருட்டில் “பார்வைத் தூரம் மூன்று மைல்” என்றால் என்ன அர்த்தம்? மூன்று மைலுக்கு அப்பால் ஒரு விளக்கு எரிந்தால் அது தெரியும் என்று அர்த்தம். சூப்பர்ஸ்டிஷன் மலையில் யார் விளக்கேற்றி வைத்திருக்கிறார்கள்? அது மனிதர் குடியிருக்காத வனப்பகுதி. அன்று இரவு பார்வைத் தூரத்தில் ஒரு குறையும் இல்லை. பார்க்கத்தான் ஒன்றும் இல்லை.

நம்ம தொழில்ல இதுக்குச் சரியான உதாரணம் இருக்கு. பூஜ்யத்துக்கும் நல்லுக்கும் உள்ள வித்தியாசம். டேட்டாபேஸ்ல ஒரு கட்டத்துல பூஜ்யம் இருந்தா, அளந்து பார்த்தோம், ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். நல் இருந்தா, இன்னும் அளக்கவே இல்லைன்னு அர்த்தம். ரெண்டையும் ஒண்ணா எடுத்துக்கிட்டு எழுதின கோடு எத்தனை ராத்திரி நம்ம தூக்கத்தைக் கெடுத்திருக்கு! இருட்டு என்பது நல். மனுஷ மூளை அதைப் பூஜ்யமாப் படிக்குது. கறுப்பாத் தெரிஞ்சா காலியா இருக்குன்னு முடிவு பண்ணிடுது.

போன மாதம் ஒரு ராத்திரி மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் இதே வழியில் போய்ப் பார்த்தேன். அதே ஃபால்கன் ஃபீல்டு, அதே 4,500 அடி, நிலாவை அணைத்தாச்சு, திரையில் இருந்த வரைபடத்தையும் மூடியாச்சு. மலை இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எங்கே இருக்கிறது என்றும் தெரியும். கண்ணை விரிச்சு விரிச்சுப் பார்த்தேன். கீழே ஊர் விளக்குகள் இருந்தன, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன, அப்புறம் முன்னால் கறுப்பு, மேலே நட்சத்திரம். நட்சத்திரத்தின் கீழ்வரிசை ஒரு இடத்தில் வெட்டின மாதிரி நின்றதைக் கவனிப்பதற்குள் திரை நின்றுவிட்டது. பத்து நிமிஷம் கூட ஆகலை. சிமுலேட்டர் நிஜம் இல்லைதான். ஆனா வீட்டு நாற்காலியில் உக்காந்துக்கிட்டே முதுகு சில்லிட்டுப் போச்சு.

அனுபவம் உள்ள பைலட்டுகள் இதற்கு ஒரு அடையாளம் சொல்வார்கள். தூரத்தில் ஒரு ஊர் விளக்கு தெரிகிறது, திடீரென்று காணாமல் போகிறது என்றால், உனக்கும் அந்த விளக்குக்கும் நடுவில் ஏதோ வந்திருக்கிறது. உடனே ஏறு அல்லது திரும்பு. நல்ல உத்திதான். ஆனால் அந்தப் பக்கம் ஊரே இல்லாவிட்டால்? அணைவதற்கும் ஒரு விளக்கு வேண்டுமே.

கண்ணின் அமைப்பும் நமக்கு எதிராகத்தான் வேலை செய்கிறது. இருட்டுக்குக் கண் முழுசாகப் பழகவே அரை மணி நேரம் ஆகும். அதுக்கு நடுவில் ஒரு டார்ச்சையோ மொபைல் திரையையோ பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. இருட்டில் பார்வையின் நடுப்பகுதி கிட்டத்தட்ட குருடு. ஒரு பொருளை நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும், ஓரக்கண்ணால் பார்த்தால்தான் தெரியும். இதில் உயரம் வேறு. ஆக்சிஜன் குறைந்தால் முதலில் அடிவாங்குவது இரவுப் பார்வை. பகலில் 10,000 அடிக்கு மேல் ஆக்சிஜன் பயன்படுத்தச் சொல்லும் எஃப்.ஏ.ஏ, இரவில் 5,000 அடிக்கு மேலேயே பயன்படுத்துவது நல்லது என்கிறது. கவனிங்க, ஆலோசனைதான், கட்டாயம் இல்லை. அப்புறம் மலைச்சரிவில் சாய்வாக இருக்கிற விளக்கு வரிசையைத் தொடுவானம் என்று நினைத்து இறக்கையைச் சாய்ப்பது, ஒற்றை விளக்கை நட்சத்திரம் என்று நினைப்பது என்று இன்னும் பல கோளாறுகள்.

இவ்வளவும் தெரிந்த ஒரு நாடு, தனியார் பைலட் உரிமம் வாங்க எத்தனை மணி நேரம் ராத்திரிப் பயிற்சி கேட்கிறது தெரியுமா? மூன்று. குறைந்தபட்சம் மூணே மணி நேரம், அதுல நூறு கடல்மைலுக்கு மேல் ஒரு பயணம், பத்து தடவை ஏறி இறங்கணும். அவ்வளவுதான். சமவெளியான கன்சாஸில் இதை முடித்துவிட்டு, மறுவாரம் ராக்கி மலைகளைத் தாண்டி இருட்டில் போனாலும் சட்டம் தடுக்காது. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஐரோப்பாவிலும் இரவுக்கென்று தனியாகத் தகுதி வாங்க வேண்டும்.

இப்ப என்னை ரொம்பக் கோபப்படுத்தின இடத்துக்கு வர்றேன்.

கருவிகளை நம்பிப் பறப்பவர்களுக்கு ஒரு விதி இருக்கிறது. மலைப்பகுதி என்றால் பாதைக்குப் பக்கத்தில் உள்ள மிக உயரமான இடத்தைவிட 2,000 அடி மேலே இருக்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு வாடகைக்கு ஓட்டும் சின்ன விமானங்களுக்கும் ஒரு விதி இருக்கிறது. அவர்கள் கண்ணால் பார்த்தே ஓட்டினாலும், ராத்திரியில், மலைப்பகுதியில், பாதையிலிருந்து ஐந்து மைலுக்குள் உள்ள மிக உயரமான தடையைவிட 2,000 அடி மேலே பறக்க வேண்டும். விதி எண் 135.203. யாரோ ஒரு புண்ணியவான் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார். இருட்டில் கண்ணை நம்பாதே, கணக்கை நம்பு என்று.

சொந்தமாக ஓட்டுபவருக்கு? அந்த 2,000 அடி கிடையாது. ஆள் நடமாட்டம் இல்லாத இடமென்றால் மனிதர், வாகனம், கட்டடம் எதிலிருந்தும் 500 அடி தள்ளி இருந்தால் போதும். மலை மனிதனும் இல்லை, கட்டடமும் இல்லை. பகலுக்கும் அதே விதி, அமாவாசைக்கும் அதே விதி.

அதாவது, அன்றைக்கு அந்த விமானத்தில் இருந்தவர்கள் டிக்கெட் வாங்கின பயணிகளாக இருந்திருந்தால், 4,500 அடியில் அந்த வழியில் போவது சட்ட விரோதம். 7,000 அடிக்கு மேல் போயிருக்க வேண்டும். சொந்த அப்பாவோடு வந்த குழந்தைகள் என்பதால் தப்பில்லை. இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

செய்ய முடியாத விஷயமும் இல்லை. ஐரோப்பாவில் இரவில் கண்பார்வை முறையில் பறக்கும் எல்லாருக்கும், சொந்த விமானமோ வாடகை விமானமோ, மலைப்பகுதியில் எட்டு கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள உயரமான தடைக்கு மேல் 2,000 அடி என்று விதி இருக்கிறது. நம்ம நாடு இன்னும் ஒரு படி மேலே. இந்தியாவில் சூரியன் மறைந்து 20 நிமிடத்துக்கு அப்புறம் உதயத்துக்கு 20 நிமிடம் முன்பு வரை கண்பார்வை முறையில் பறக்கவே கூடாது. பயிற்சிக்கும் உள்ளூர் பறப்புக்கும் மட்டும் கட்டுப்பாட்டு மையம் விலக்கு கொடுக்கலாம். (நம்ம ஆளுங்க எல்லாத்தையும் தடை பண்றாங்கன்னு அலுத்துக்கற நான் இந்த ஒரு விஷயத்துல கையெடுத்துக் கும்பிடறேன்.) இந்திய விதி அமெரிக்காவுக்குப் பொருந்தாது. அங்கே சின்ன விமானம்கிறது நம்ம ஊர் மினிபஸ் மாதிரி, ஒரு ஊருக்கும் இன்னொரு ஊருக்கும் இடையில் அதுதான் போக்குவரத்து. ராத்திரிப் பறப்பையே நிறுத்துன்னு நான் சொல்லலை. ஐரோப்பாக்காரன் எழுதின அந்த ஒரு வரியைக் காப்பி பேஸ்ட் பண்ணுங்கன்னுதான் சொல்றேன்.

இதுக்கு எதிரா ஒரு வாதம் உண்டு, அதையும் சொல்லிடணும். “விதி எதுக்கு? நல்ல பைலட் தானாவே உயரமாப் போவான். மோசமான பைலட் விதி இருந்தாலும் கேக்க மாட்டான்.” கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஓட்டாய் மலையின் கதை இதுக்கு ஒத்துவரலை.

கலிஃபோர்னியாவில், மெக்சிகோ எல்லையை ஒட்டி, சான் டியேகோவுக்குத் தெற்கே பிரவுன் ஃபீல்டு என்று ஒரு விமான நிலையம். அதற்குக் கிழக்கே சில மைல் தூரத்தில் ஓட்டாய் மலை, உச்சி சுமார் 3,500 அடி. 1991 மார்ச் 16, அதிகாலை ஒண்ணே முக்கால் மணி வாக்கில் அங்கிருந்து ஒரு சின்ன ஜெட் கிளம்பியது. பாடகி ரீபா மெக்கென்டயரின் இசைக்குழுவினர் அதில் இருந்தார்கள். கருவி முறை அனுமதியை மேலே போய் ரேடியோவில் வாங்கிக்கொள்ளலாம் என்று கண்பார்வை முறையில் ஏறினார்கள். ஓட்டாய் மலையில் மோதி பத்து பேரும் இறந்தார்கள். கிளம்புமுன் பைலட் போனில் தகவல் நிலையத்தைக் கூப்பிட்டுத் தாழ்வாகப் போவது பற்றிக் கேட்டிருக்கிறார். மலை பற்றிய தகவல் அவருக்குப் போதுமான அளவு தரப்படவில்லை என்பதையும் அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள்.

2004 அக்டோபர் 24, நள்ளிரவு தாண்டிய நேரம். அதே பிரவுன் ஃபீல்டு. நோயாளியை இறக்கிவிட்டு நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கிக்குத் திரும்பிய லியர்ஜெட் 35ஏ ஆம்புலன்ஸ் விமானம். அதே மாதிரி, அனுமதியை மேலே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பினார்கள். அதே ஓட்டாய் மலை. ஐந்து பேர், இரண்டு பைலட்டுகளும் மூன்று மருத்துவக் குழுவினரும். இந்த முறை ரேடியோவில் பேசிய கட்டுப்பாட்டாளர் கொடுத்த திசையே மலைப்பக்கம். உயரம் போதாது என்று கணினி கொடுத்த எச்சரிக்கையையும் அவர் சொல்லவில்லை. பைலட்டுகளின் களைப்பும் ஒரு காரணம் என்கிறது அறிக்கை.

இவங்க யாரும் கத்துக்குட்டிங்க இல்லை. ஜெட் ஓட்டற தொழில்முறை பைலட்டுகள். பதிமூணு வருஷ இடைவெளியில், அதே ஓடுபாதை, அதே மலை, அதே “மேல போய் வாங்கிக்கலாம்”. நம்ம பக்கம் ஒரே பக் ரெண்டு தடவை புரொடக்ஷனுக்குப் போனா ஆளைத் திட்ட மாட்டோம், முறையை மாத்துவோம். ராத்திரி ஒரு மணிக்கு, களைப்பா, சீக்கிரம் வீட்டுக்குப் போகணும்கிற நினைப்புல இருக்கிற ஆள்கிட்ட புதுசா யோசனையை எதிர்பார்க்கக் கூடாது. கண்ணை மூடிக்கிட்டுக் கடைப்பிடிக்க ஒரு எண் இருக்கணும். 2,000 அடி. அவ்வளவுதான்.

மோதுவது மட்டும்தான் ஆபத்து என்றும் நினைக்க வேண்டாம். மலைமேல் காற்று அடித்தால் மறுபக்கம் அருவி மாதிரி கீழே இறங்கும். நிமிடத்துக்கு ஆயிரம் அடிக்கு மேல் கூட விமானத்தை அமுக்கும். சின்ன செஸ்னா கடல் மட்டத்திலேயே நிமிடத்துக்கு 700 அடி சுமாருக்குத்தான் ஏறும், உயரம் போகப் போக அது பாதிக்கும் கீழே குறைந்துவிடும். கணக்குப் போட்டுக்கோங்க. பலூனில் தனியாக உலகைச் சுற்றிய ஸ்டீவ் ஃபாசெட் 2007 செப்டம்பர் 3 அன்று சியரா நெவாடா மலையில் இறந்தது இந்தக் கீழ்க்காற்றில் சிக்கித்தான் என்பது என்.டி.எஸ்.பி முடிவு. அது நல்ல பகல் வெளிச்சத்தில். சிதைவுகள் கிடைக்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. பகலில் காற்றின் போக்கை மேகத்தின் வடிவமும் சிகரத்தில் பறக்கும் பனித்தூளும் காட்டிக்கொடுக்கும். ராத்திரியில் அதுவும் இல்லை. எஞ்சின் நின்றால் இறங்க இடம் தேடுவது பற்றிப் பைலட்டுகளுக்குள் ஒரு கறுப்பு ஜோக் ஓடுகிறது: தரைக்கு அருகில் வந்ததும் முன்விளக்கைப் போட்டுப் பார், பார்த்தது பிடிக்கவில்லையென்றால் விளக்கை அணைத்துவிடு.

கருவிகள் இப்போ மலிவாகிவிட்டன என்பது உண்மை. கையில் இருக்கிற டேப்லெட்டே ஜி.பி.எஸ்ஸை வைத்து முன்னால் இருக்கும் மலையைச் சிவப்பாகக் காட்டும். கட்டாயம் வைத்துக்கொள்ள வேண்டும், மறுப்பே இல்லை. ஆனா அது பேட்டரியில் ஓடுது. ராத்திரி நேரம் பார்த்து அப்டேட் கேக்கும். மென்பொருள் எழுதறவன் சொல்றேன், மென்பொருளை மட்டும் நம்பி மலைப்பக்கம் போகாதீங்க :-) காகித வரைபடத்திலேயே ஒவ்வொரு கட்டத்துக்கும் பெரிய எழுத்தில் ஒரு எண் போட்டிருப்பார்கள். அந்தக் கட்டத்துக்குள் உள்ள மிக உயரமான தடையைக் கணக்கில் எடுத்துப் போட்ட எண் அது. பாதையில் வரும் கட்டங்களில் பெரிய எண்ணை எடுத்து 2,000 கூட்டுங்கள். கிடைக்கிற உயரத்துக்கு உங்க விமானம் ஏறாது என்றால், ராத்திரி அந்த வழி உங்களுக்கு இல்லை.

இதையெல்லாம் இங்க எழுதறதுக்குக் காரணம் இருக்கு. அமெரிக்காவில் பொட்டி தட்டுற நம்மாளுங்க பல பேர் வாரக்கடைசியில் விமானம் ஓட்டக் கத்துக்கிறாங்க. கல்லூரியில் என்கூடப் படிச்சவன் ஒருத்தன் இப்போ சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் இருக்கான். போன வருஷம் உரிமம் வாங்கினான். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிஞ்சதும் வாடகை செஸ்னாவை எடுத்துக்கிட்டு, பொண்டாட்டியையும் உக்கார வச்சு, சியராவைத் தாண்டி லேக் டாஹோவுக்குப் போகப் பிளான் போட்டிருந்தான். அந்த ஏர்போர்ட்டே 6,200 அடிக்கு மேல இருக்கு, சுத்தி அதைவிட உயரமான மலை. குளிர்காலம், இருட்டு.

“ஏன்டா, சனிக்கிழமை காலையில ஏழு மணிக்குக் கிளம்பினா என்ன கெட்டுப்போச்சு?”ன்னு போன்ல கேட்டேன்.

“ஹோட்டல் ஒரு ராத்திரி தண்டம் மச்சி”ன்னான்.

ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில சனிக்கிழமை காலைக்கு ஒத்துக்கிட்டான். ஆனா ஞாயித்துக்கிழமை திரும்பி வர்றது இருக்கே. டிசம்பர்ல அங்க அஞ்சு மணிக்கு முன்னாடியே சூரியன் போயிடுது, மத்தியானம் ரெண்டு மணிக்குக் கிளம்பிடுன்னு சொன்னேன். “அப்ப ஸ்கீயிங் எப்படா பண்றது?”ன்னு கேக்கறான். அந்தப் பேச்சு இன்னும் முடியலை.